துரைமாரின் தொண்டர்படையும் நமது இலக்கியமும்

தொண்டு என்னும் சொல்லுக்குத் தமிழிலே நெடிய வரலாறு உண்டு. பக்தி இயக்கத்தார் அச்சொல்லை அடியார்க்கு உரியதாக்கினர்; தேசிய இயக்கத்தார் அதனைச் சிறை சென்றோர்க்கும் கதர் சுமந்தோர்க்கும் உரியதாக்கினர். எவர் வாயிலே வழங்கினும், ஒருவன் தானே விரும்பி ஒரு காரியத்தை ஏற்றுக்கொள்ளுதல் என்பதே அச்சொல்லின் உயிர்க்கருத்து. விரும்பவும் மறுக்கவும் உரிமை பெற்றவன் எவனோ அவனே தொண்டன் ஆகலாம். மலையகத்திலே ஏறத்தாழ அரை நூற்றாண்டு இயங்கிய ஒரு தொண்டர்படையின் யுத்த சேவையையும், அச்சேவை எழுத்திலே இடம்பெற்ற விதத்தையும் மதிப்பிடப் புகுவோர் முதலில் இவ்வெளிய உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

அப்படையின் பெயர் சிலோன் பிளான்டர்ஸ் றைபிள் கோர். தமிழிற் சொல்வதானால், தோட்டத் துரைமார் துப்பாக்கிப் படை. தென்னாபிரிக்காவில் போவர் யுத்தம் நடந்துகொண்டிருந்த 1900 ஆம் ஆண்டிலே அது தோற்றம் பெற்றது. கண்டியே அதன் தலைமையிடம். தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை நடத்திய ஐரோப்பியரே அதன் உறுப்பினர். இந்நாட்டவர்க்கு அதில் இடமிருந்ததில்லை. முதலாம் உலக யுத்தம் மூண்டதும், 1914 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே, 8 அதிகாரிகளும் 229 வீரரும் அடங்கிய ஓர் அணி கொழும்பிலிருந்து எகிப்துக்குக் கப்பலேறியது. சூயெஸ் கால்வாய்க் காவலில் ஈடுபட்டபின், அவ்வணியினருட் பலர் கலிப்பொலிப் போர்முனைக்குச் சென்றனர். அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளுக்குத் தலைமை தாங்கிய தளபதி பேர்ட்வூட்டின் மெய்க்காவலராயும் பணியாற்றினர். வேறு பலர் பிரித்தானியப் படைகளில் அதிகாரிப் பதவி பெற்று ஐரோப்பியக் களங்களுக்குப் போயினர். அவர்களிற் பலர் திரும்பி வரவில்லை.

இச்சேவையைப் பற்றி எழுந்த எழுத்துக்கள் பெரும்பாலும் மூவகையின. படைப்பிரிவு வரலாறுகள் ஒருவகை. துரைமாரின் நினைவுக் குறிப்புகள் மற்றொரு வகை. தேவாலயச் சுவர்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் பொறிக்கப்பட்ட வாசகங்கள் மூன்றாம் வகை. மூன்றுக்கும் பொதுவான சில பண்புகள் உண்டு. பெயர், பதவி, பிறந்த ஊர், இறந்த களம், பெற்ற பதக்கம் என்பன துல்லியமாய் வரும். கப்பல் புறப்பட்ட நாள் வரும். அணிவகுப்பின் அழகு வரும். ஆயின் ஒரு கேள்விக்கு மட்டும் இவ்வெழுத்துக்களில் விடை இராது. துரை போருக்குப் போனபின் தோட்டம் எவ்வாறு நடந்தது? அவன் இல்லாத நாட்களிலும் கொழுந்து பறிக்கப்பட்டது, ஆலை ஓடியது, பெட்டிகள் கொழும்புத் துறைமுகத்தை அடைந்தன. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் விடியற்காலையில் ஆட்களை மலைக்கு அனுப்பினர். தோட்டம் நின்றுவிடாது என்ற உறுதி இருந்தமையாலேதான் அவன் கப்பலேற முடிந்தது. அவனுடைய தொண்டுக்கு முதலீடு இட்டவர் லயக்காம்பிராவில் வாழ்ந்தோர். முதலீடு இட்டவர் பெயர் ஏட்டில் இல்லை.

போரில் இறந்தோர்க்குக் கல் நாட்டும் மரபு நமக்குப் புதியதன்று. தொல்காப்பியர் காட்சி முதலாக வாழ்த்து ஈறாக அம்மரபின் படிகளை வகுத்துரைக்கிறார். ஊர் ஆநிரையை மீட்கப் போய் மாண்டவனுக்கு ஊரார் கல்லெடுத்து, நீராட்டி, அவன் பெயரையும் பெருமையையும் எழுதி நட்டனர். அக்கல்லுக்கும் ஊருக்கும் நேரான உறவு ஒன்று உண்டு: எவர் பொருளைக் காத்து அவன் இறந்தானோ, அவரே அக்கல்லை நட்டனர். பரணி இலக்கியம் எழுந்த காலத்தில் இவ்வுறவு அறுந்துவிட்டது. களத்தில் மாண்டோர் பல்லாயிரவர். புகழ் மன்னனுக்கும் அவன் தளபதிக்கும். துரைமாரின் நினைவுக்கற்கள் நடுகல்லைப் போலத் தோற்றம் காட்டுவன. உள்ளே பரணியின் நியாயமே இயங்குகிறது. எந்த மண்ணில் அக்கல் நிற்கிறதோ அந்த மண்ணின் மக்களுக்கும் அதிலுள்ள பெயருக்கும் இடையே உள்ள உறவு, ஏவியவன் ஏவப்பட்டவன் என்ற உறவு ஒன்றே.

இனி, தோட்டத்தை விட்டுப் புறப்படுதல் என்னும் செயலை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1914 ஆம் ஆண்டிலே ஒரு துரை தோட்டத்தை விட்டுப் புறப்பட்டான். கம்பெனி விடைகொடுத்தது, பத்திரிகை பாராட்டியது, பாதிரியார் ஆசி வழங்கினார். அதே ஆண்டிலே அதே தோட்டத்திலிருந்து ஒரு தொழிலாளி முன்னறிவித்தல் இன்றிப் புறப்பட்டிருந்தால் அது குற்றம். 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொழிற் கட்டளைச் சட்டம் அவனைச் சிறையிலிட இடந் தந்தது. முறைப்படி விலக விரும்பினாலும், கடனைத் தீர்த்துத் துண்டுச் சீட்டுப் பெறாமல் வேறொரு தோட்டத்தில் கால் வைத்தல் இயலாது. கங்காணியிடம் பட்ட கடனோ ஆயுளிலே தீர்வது அரிது. துண்டுமுறை 1921 ஆம் ஆண்டிலேதான் சட்டப்படி ஒழிந்தது. ஒரே செயல், ஒரே மண், ஒரே காலம். துரை செய்தால் தியாகம், தொழிலாளி செய்தால் ஓட்டம். ஒருவனுக்குப் போகும் உரிமை இருந்தமைக்குக் காரணம், மற்றவனுக்கு அவ்வுரிமை இல்லாதிருந்தமையே. படைப்பிரிவு வரலாற்றை இலக்கியமாகக் கொண்டு படிக்கும்போது நாம் காணவேண்டிய உள்முரண் இதுவே.

மலையகத்து மக்களின் பேச்சுமொழி இவ்வுண்மையை வேறொரு விதத்திலே பதிவு செய்திருக்கிறது. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தை நாம் பெரட்டுக்களம் என்கிறோம். பெரட்டு என்பது, படையணிவகுப்பைக் குறிக்கும் பரேட் என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. தப்பு முழங்க, இருள் பிரியுமுன் வரிசையாய் நின்று, பெயர் கூப்பிட்டதும் குரல் கொடுத்து, ஏவிய மலைக்குப் போதல் என்பது படைவீரனின் ஒழுங்குதானே? சேராத படையொன்றின் ஒழுங்கு முழுவதும் தொழிலாளி மீது சுமத்தப்பட்டது. அதே களத்தில் வழங்கும் மற்றொரு சொல் பேர். ஒருநாள் வேலைக்குரிய பதிவு ஒரு பேர். நிறை குறைந்தாலோ நேரம் தவறினாலோ அரைப்பேர். துரையின் பெயர் கல்லில் ஏறி நூறாண்டு நிற்கிறது. தொழிலாளியின் பேரோ செக்றோலில் ஏறி அன்றைய கூலியோடு முடிந்துவிடுகிறது. சில நாட்களில் அதிலும் பாதியே கிடைக்கிறது. பேர் என்ற ஒரு சொல்லுக்கு இவ்விரு பொருளும் ஏற்பட்டமை தற்செயல் என்று தள்ளிவிடக் கூடியதன்று.

படையின் வெளிநாட்டுச் சேவை இவ்வாறாக, உள்நாட்டுச் சேவை எத்தகையது? கலிப்பொலியில் படைகள் தரையிறங்கியது 1915 ஏப்ரல் 25 ஆம் நாள். அடுத்த மாத இறுதியில், இப்படையின் தலைமையிடமான கண்டி நகரத்திலேயே, வெசாக் ஊர்வலம் தொடர்பாகச் சிங்கள பௌத்தருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலகம் மூண்டது. அது வேகமாய்ப் பரவி முஸ்லிம் வணிகரின் உயிருக்கும் உடைமைக்கும் பெருங்கேடு விளைத்தது. ஜூன் 2 ஆம் நாள் தேசாதிபதி சேர் றொபேட் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். பஞ்சாபிப் படையினரோடு, தோட்டத் துரைமாரும் ஐரோப்பிய வணிகரும் ஆயுதந் தாங்கிய தொண்டர்களாய் ஊர்களுக்குள் அனுப்பப்பட்டனர். கலகம் தணிந்த பின்னரும் இராணுவச் சட்டம் நீடித்தது. டி. எஸ். சேனநாயக்க, எவ். ஆர். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலியோர் சிறையிடப்பட்டனர். கொழும்பு நகரக் காவற்படை என்னும் தொண்டர்படையின் அதிகாரியாயிருந்த இளைஞர் ஹென்றி பேதிரிஸ், இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஜூலை 7 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். தொண்டன் என்ற பட்டம் நாட்டவன் ஒருவனுக்கு எவ்வளவு பாதுகாப்பு அளித்தது என்பதற்கு அவர் மரணமே சான்று.

பேர்ட்வூட்டின் மெய்க்காவற் பணியைப் போற்றிப் பேசும் எழுத்துக்கள், அதே ஆண்டின் இவ்வுள்நாட்டுப் பணியைப் பற்றிப் பேச நேரும்போது குரல் தாழ்த்திக் கொள்கின்றன. கடல் கடந்து போரிடுதல் வீரம் என்று சொல்வது எளிது. கிராமத்தானை நோக்கித் துப்பாக்கி நீட்டுதலை என்னவென்று சொல்வது? யுத்தம் வெளியே நடக்கும்போது தேசபக்தியாய்த் தோன்றும் ஒரு படை, உள்ளே திரும்பும்போது ஆளும் வர்க்கத்தின் காவலாய்த் தன் உருவத்தை வெளிப்படுத்திவிடுகிறது.

இவ்விடத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் நூலை நாம் நினைவுகூர வேண்டும். 1915 ஆம் ஆண்டின் கலகத்தையும் இராணுவச் சட்டத்தையும் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதி 1916 இல் இலண்டனில் வெளிவந்த அந்நூல், அதிகாரத்தின் அத்துமீறலைத் துணிவோடு கண்டித்த ஆவணம். யுத்தகாலத்தில், பேரரசின் தலைநகரிலேயே அதனை வெளியிட்டமை சிறு காரியமன்று. எனினும் விமர்சகன் அதன் எல்லையையும் சுட்டவேண்டும். நியாயம் கேட்கும் அவர் குரல் கண்ணியம் வாய்ந்த சிங்களக் கனவான்களின் பொருட்டே பெரிதும் ஒலிக்கிறது. கடை சூறையாடப்பட்ட முஸ்லிம்களின் துயரம் அதற்கு ஈடாக ஒலிப்பதில்லை. துப்பாக்கி ஏந்திய துரையை அவர் கண்டார். அத்துரை நாள்தோறும் எவர்மீது ஆணை செலுத்திப் பழகி வந்தானோ அத்தொழிலாளியை அவர் நோக்கு எட்டவில்லை. ஊருக்குள் துரை காட்டிய கடுமை அவன் தோட்டத்திலே கற்ற பாடம் என்ற முடிவுக்கு வர, அவருடைய வர்க்க நிலை இடந் தரவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது நிலைமை மேலும் தெளிவாயிற்று. பிரித்தானியாவில் 1940 ஜூலையில் தேயிலைக்குப் பங்கீடு விதிக்கப்பட்டது. ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ். 1942 இல் ஜாவா யப்பானியர் கைப்பட்டதும், நேச நாடுகளின் தேயிலைத் தேவையை இலங்கையும் இந்தியாவுமே பெரிதும் தாங்க நேர்ந்தது. மலாயா வீழ்ந்தபின் இறப்பருக்கும் இலங்கையே முக்கிய இடமாயிற்று. மரம் சாகுமளவுக்குப் பால் வெட்டினர். படைவீரனின் குவளையிலிருந்த தேநீரும் அவன் ஏறிச்சென்ற வண்டியின் சக்கரமும் தோட்டத் தொழிலாளியின் கைப்பட்டவை. இதுவும் யுத்த சேவையே. ஆயின் அச்சேவைக்குக் கிடைத்தது என்ன? 1940 ஜனவரி 10 ஆம் நாள், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது பொலிஸ், துரைமார் படையன்று. கூலி கேட்டவன்மீது குண்டு பாய்ந்தது என்ற உண்மை அதனால் மாறிவிடாது. மலையகத் தொழிலாளர் தம் வரலாற்றில் நடுகல்லாய்க் கொள்ளும் பெயர்களிலே கோவிந்தனின் பெயர் முன்னிற்கிறது. காரணம் வெளிப்படை: அவன் எவர்பொருட்டு மாண்டானோ, அவரே அப்பெயரைக் காத்து வருகின்றனர்.

இனி நமது இலக்கியத்தின் கணக்கைப் பார்ப்போம். புதுமைப்பித்தன் 1935 இல் எழுதிய ‘துன்பக்கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைத் தமிழ்ப் புனைகதைக்குள் கொண்டுவந்தது. இம்மண்ணைக் காணாமலே எழுதிய அக்கதையின் வன்மை, தொழிலாளி வீழ்த்தப்படும் விதத்தைத் தயவுதாட்சணியமின்றிக் காட்டியமையில் உள்ளது. அங்கே தொழிலாளி துன்பத்துக்கு ஆளாகுபவன். வரலாற்றை ஆக்குபவனாக அவன் இன்னும் எழவில்லை. அவ்வெழுச்சி சி. வி. வேலுப்பிள்ளையின் ஆங்கில நெடுங்கவிதையிலே காணப்படுகிறது. 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாய்ப் பாராளுமன்றம் சென்ற அவர், அடுத்த தசாப்தத்தில் அதனை நூலாக்கினார், சக்தீ அ. பால ஐயா அதனைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கினார். தேயிலைச் செடியின் கீழே புதைந்துபோன முன்னோர்க்கு ஒரு நினைவுச் சின்னமும் இல்லையே என்ற ஏக்கம் அக்கவிதையின் உள்ளோட்டம். துரைமாரின் கற்களுக்கு எதிரே வைத்துப் படிக்கும்போதுதான் அவ்வேக்கத்தின் முழுக் கனமும் விளங்கும். அவர் கேட்டது இரக்கம் மட்டுமன்று. வரலாற்றில் ஓர் இடம்.

அதன்பின் கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’, என். எஸ். எம். இராமையாவின் சிறுகதைகள், தெளிவத்தை ஜோசப்பின் படைப்புகள் என மலையக எழுத்து வளர்ந்து வந்துள்ளது. லயத்தின் புழுக்கம், கங்காணியின் அதிகாரம், பிரஜாவுரிமை இழந்தோரின் தவிப்பு யாவும் அதில் இடம்பெற்றுள்ளன. துரையும் வருகிறான்: பங்களாவில், குதிரைமேல், பெரட்டுக்களத்தில். ஆயின் சீருடை அணிந்த துரை வருவது அரிதிலும் அரிது. துப்பாக்கிப் பயிற்சி முடிந்து மலைக்குத் திரும்பும் சின்னத்துரையை, கொழுந்துக்கூடையோடு ஒதுங்கி நின்று வழிவிட்ட பெண்ணின் கண்கள் எவ்வாறு கண்டிருக்கும்? தியத்தலாவை முகாமுக்குச் சுமார் 5,000 போவர் கைதிகள் 1900 முதல் கொண்டுவரப்பட்டபோது, வெள்ளையரையும் வெள்ளையர் சிறைப்பிடிப்பர் என்ற செய்தி ஊவாத் தோட்டங்களில் என்ன பேச்சைக் கிளப்பியிருக்கும்? இவை கற்பனைக்கு விடப்பட்ட பெரும் புலங்கள். நம் எழுத்தாளர் துரையை ஒரு கொடுமைக்காரத் தனிமனிதனாய்க் கண்டு பழகிவிட்டமையால், அவனுக்குப் பின்னே நின்ற அமைப்பு பார்வைக்குத் தப்பிவிடுகிறது. 1854 இல் கண்டியில் தோன்றிய தோட்டத்துரைமார் சங்கமும், சட்டமும், தேவாலயமும், துப்பாக்கிப் படையும் சேர்ந்த முழு இயந்திரம் அது.

தோட்டத் தமிழன் இயல்பிலேயே அடங்கியவன், ஆயுதம் அவனுக்கு ஆகாது என்று சொல்லுவோர் உளர். அவர்களுக்கு மலாயா விடை கூறுகிறது. 1943 இல் சுபாஷ் சந்திரபோஸ் இந்திய தேசிய இராணுவத்துக்கு ஆள் சேர்த்தபோது, அங்கே இறப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் பெருந்தொகையாய்ச் சேர்ந்தனர். கப்டன் லட்சுமி தலைமையில் அமைந்த ஜான்சிராணிப் படையில் பால்வெட்டிய பெண்கள் துப்பாக்கி ஏந்தினர். அப்படையின் அரசியலைப் பற்றி, அது யப்பானிய ஏகாதிபத்தியத்தின் துணையை நாடியதைப் பற்றி, நமக்கு மாறுபட்ட கருத்து இருக்கலாம். விரும்பும் உரிமை ஒருமுறை கிடைத்ததும் கூலியென்று இகழப்பட்டவர் தொண்டராயினர் என்பது அதனால் பொய்யாகாது. இங்கும் இலக்கியம் பின்தங்கியே நிற்கிறது. ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ (1959), ‘புயலிலே ஒரு தோணி’ (1972) ஆகிய இரண்டும் அவ்யுத்தகாலத்தைத் தமிழில் நிலைநாட்டிய அரிய நாவல்கள். அவற்றின் நாயகர் வட்டிக்கடையிலிருந்து புறப்பட்டவர்; லயத்திலிருந்து புறப்பட்ட பெண் இன்னும் தன் நாவலைப் பெறவில்லை.

மாண்டுபோன இளைஞரை இவ்வாறு விசாரணைக் கூண்டில் ஏற்றுதல் முறையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கலிப்பொலியில் இறந்த சின்னத்துரைக்கு இருபத்துச் சொச்சம் வயதே இருந்திருக்கும். அவனுக்கும் ஒரு தாய் அழுதிருப்பாள். அவன் மரணத்தை இகழ்தல் நம் நோக்கமன்று. அவன் பெயர் கல்லில் இருக்கட்டும். ஆனால் அக்கல்லைப் படிக்கும் மாணவன், அப்பெயரைத் தாங்கி நின்ற தோள்கள் எவருடையவை என்றும் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கல்லை உடைப்பதற்குக் கல்வி தேவையில்லை. கல்லில் எழுதப்படாததைப் படிப்பதற்கே கல்வி தேவை.

இது பழங்கதை ஆராய்ச்சி அன்று. 1983 முதல் 2009 வரை இந்நாட்டை அழித்த உள்நாட்டு யுத்தத்திலும் தொண்டர் என்ற சொல் இடைவிடாது ஒலித்தது. தெற்கிலே வேலையற்ற கிராமத்து இளைஞர் வறுமையால் படையிற் சேர்ந்தனர். விருப்பம் என்றே ஏட்டிற் பதிவாயிற்று. வன்னியிலே விரும்பிச் சேர்ந்தோரும், இறுதிக் காலத்தில் வலிந்து சேர்க்கப்பட்டோரும் ஒரே பெயரின்கீழ் அடக்கப்பட்டனர். 1977, 1983 கலவரங்களுக்கு அஞ்சி மலையகத்தை விட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய தோட்டத்து மக்கள், தாம் தொடங்காத அந்த யுத்தத்தின் நடுவே அகப்பட்டு மடிந்தனர். மலையகத்திலும் கொழும்பிலும் இருந்தோரோ சந்தேகத்தின்பேரில் கைதாயினர். தெளிவத்தை ஜோசப்பின் ‘குடைநிழல்’ அவ்வச்சத்துக்குச் சாட்சி. இம்மரணங்களைப் பற்றியும் நாளை படைவரலாறுகள் பெருகும். அப்போதும் விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வி அதுவே: இங்கே விரும்பியவன் யார், விருப்பம் மறுக்கப்பட்டவன் யார்?

1949 ஆம் ஆண்டிலே இலங்கைக்குப் புதிய இராணுவம் அமைந்தது. துரைமார் துப்பாக்கிப் படை கலைந்தது. அதே ஆண்டிலேதான் தேர்தற் சட்டத் திருத்தம், பிரஜாவுரிமையை முந்திய ஆண்டில் இழந்திருந்த மலையக மக்களின் வாக்குரிமையையும் பறித்தது. துரை துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பினான். அவன் காத்த செல்வத்தை ஆக்கியவர் நாடற்றவராயினர். அந்த ஓராண்டின் இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒரே பக்கத்தில் எழுதும் வரலாறும், ஒரே கதையில் சொல்லும் நாவலும் நமக்கு வேண்டும். பெரட்டுக்களத்தின் ஓரத்தில் நின்று அவற்றைக் கண்ட முதியோரின் நினைவுகள் அவர்தம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வாயிலே இன்னும் எஞ்சியுள்ளன. மலையகத்து இளம் எழுத்தாளர் ஏடும் எழுதுகோலும் கொண்டு அங்கே போகட்டும். அரைப்பேர் மட்டுமே எழுதப்பட்ட மக்களுக்கு முழுப்பேர் எழுதுவது நமது தலைமுறையின் தொண்டு.